விழுந்திருந்தால் இங்கேதான்

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்கும்படியாக எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் ஒருவருக்கு மட்டும் சொல்லப்படும் செய்தி என்று ஒன்று கிடையாது. நான் காலையில் தும்மினால் மத்தியானத்துக்குள் மெல்பேர்னில் இருந்து நீ "அம்மா, மருந்து எடுத்தனீங்களோ?" என்று கேட்கிறாய். நடுவில் எத்தனை மாமிமார் அந்தத் தும்மலைச் சுமந்துகொண்டு கடல் தாண்டினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இம்முறை அவர்களுக்குச் சிரமம் வைக்காமல் நானே சொல்லிவிடுகிறேன். ஓம், நான் விழுந்தேன்.

நீ அடுத்த மாதம் வருகிறாய். கொழும்பை விட்டுப் போகுமுன் நீ என்னிடம் வாங்கிக்கொண்ட வாக்கை நான் மறக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் நான் தனியே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு விமானம் ஏற வேண்டும். நான் உடனே சம்மதித்தேன். விழும் உத்தேசம் எதுவும் அப்போது எனக்கு இருக்கவில்லை. அந்த வாக்கை நிறைவேற்றத்தான் இப்போது வருகிறாய் என்பது, என்னுடைய பெரிய பெட்டியின் சில்லுகள் இன்னும் உருளுகின்றனவா என்று நீ பேச்சோடு பேச்சாகக் கேட்டதிலேயே விளங்கிவிட்டது. உன்னில் எனக்குக் கோபம் இல்லை. அக்கறையுள்ள பிள்ளைகள் செய்வதைத்தான் நீயும் செய்கிறாய். ஆனால் நீ பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பதற்கு முன், நான் எங்கே விழுந்தேன், அதன் பிறகு இந்த நகரம் என்ன செய்தது என்பதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். கேட்டபின் முடிவெடு.

சந்தையில் இருந்து வந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு விளைமீன். காலி வீதியில் இருந்து நம் ஒழுங்கைக்குத் திரும்பும் முனையில், பார்மசிக்கு முன்னால், கழிவுநீர்க் கானுக்கு மேல் போட்டிருக்கும் கொங்கிறீட் மூடி உனக்கு நினைவிருக்கும். ஒரு மூலை உயர்ந்து, எதிர் மூலை தாழ்ந்து, மிதித்தால் டக்கென்று பதில் சொல்லும். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது அப்படித்தான் இருந்தது. அதை மிதிக்காமல் போக வேண்டுமானால் வீதியில் இறங்க வேண்டும். வீதியில் இறங்கினால் பஸ் வரும். நான் மூடியைத் தெரிவு செய்தேன். மணிக்கட்டு ஊன்றியது, முழங்கால் உரசியது, மீன் பறந்தது. பார்மசி வாசலில் படுத்திருந்த பூனை அதைக் கவ்விக்கொண்டு போனது. அன்றைய சம்பவத்தில் திருப்தியோடு வீடு திரும்பிய ஒரே உயிர் அதுதான்.

எழுந்து நின்றதும் நான் காயத்தைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்றுதான் பார்த்தேன். பார்மசிப் பெடியன் ஓடிவந்து, "அன்ரி, விழுந்திட்டீங்களோ?" என்றான். "இல்லைத் தம்பி, செருப்பு வார் கழண்டது, குனிஞ்சனான்" என்றேன். முழங்காலில் இரத்தம் வடிய, வீதியில் உட்கார்ந்திருந்த நிலையில் சொன்னேன். அவன் நல்ல பிள்ளை. ஒத்துக்கொண்டான்.

அடுத்த சில கிழமைகள் நீ வீடியோவில் அழைத்தபோதெல்லாம் என் முகம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டு வந்ததைக் கவனித்து, "ஏனம்மா கமராவை இவ்வளவு கிட்டப் பிடிக்கிறீங்கள்?" என்று கேட்டாய். "நீ என்ட முகத்தைப் பார்க்கத்தானே எடுக்கிறாய்" என்றேன். உனக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, மணிக்கட்டில் கட்டியிருந்த துணி இறுக்கமாக இருந்தது.

இதில் நான் மட்டும் தனியாகத் திறமைசாலி என்று நினைத்துவிடாதே. நம் தொடர்மாடி முழுக்க இதே கலை நடந்துகொண்டிருந்தது. கீழ் வீட்டுப் பராராஜசிங்கம் அண்ணை, வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், கொழும்பு வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தார். கேட்டதற்கு, "இப்ப இதுதான் ஸ்டைல்" என்றார். எதிர் வீட்டுப் பரீதாவின் கன்னத்தில் ஒரு நீலம் இருந்தது. அலுமாரிக் கதவு பட்டதாம். அவள் வீட்டு அலுமாரிக்குக் கதவே இல்லை, திரைச்சீலைதான், என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இருவரும் மரியாதையாகப் பேசாமல் இருந்தோம்.

எங்களுடைய பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: பிலோமினா. கொட்டாஞ்சேனைக்காரி, நான் வேலை பார்த்த அரசாங்கத் திணைக்களத்தில் என் பக்கத்து மேசையில் மொழிபெயர்த்தவள், உனக்குச் சின்ன வயதில் நத்தார் பண்டிகைக்குக் கேக் அனுப்பியவள். குளியலறையில் வழுக்கியதை லண்டனில் இருக்கும் மகளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மகள் பறந்து வந்தாள். கொட்டாஞ்சேனை வீடு பூட்டப்பட்டது. பிலோமினா ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நல்ல இடம். கடற்காற்று, வெள்ளைப் படுக்கை விரிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு. "எப்படியடி இருக்கிறாய்?" என்றேன். "எல்லாம் நல்லம். ஒரு குறையும் சொல்ல ஏலாது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குறை சொல்ல ஒண்டும் இல்லாமப் போனா, பிறகு என்னத்தையடி கதைக்கிறது?" என்றாள். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் யாரும் விழுந்ததில்லை.

நீ நடை பழகிய காலத்தில் எத்தனை தரம் விழுந்திருப்பாய். விழுந்து, உதடு கோணி, அழுவதா வேண்டாமா என்று நீ யோசிக்கும் அந்த இடைவெளியில் உன் அப்பா ஓடிவந்து நிலத்துக்கு ஓங்கி ஒரு அடி போடுவார். "இந்த நிலம்தானே என்ட பிள்ளையை விழுத்தினது? இந்தா வாங்கு!" நீயும் உன் குட்டிக் கையால் ஒரு அடி போடுவாய். நிலம் மன்னிப்புக் கேட்டதுபோல உனக்கு முகம் மலரும். நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். விழுந்தது பிள்ளையின் பிழை என்று எந்த மடையனும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கே வயது எழுபதைத் தாண்டியதும் சட்டம் மாறிவிடுகிறது. "ஏன் வெளியில போனீங்கள்?", "ஏன் தனியப் போனீங்கள்?", "ஏன் இந்தச் செருப்பைப் போட்டீங்கள்?" அடி முழுக்க விழுந்தவருக்கு. நிலம் நிரபராதி.

இப்படி இருக்கும்போதுதான் மாநகர சபையில் இருந்து அழைப்பு வந்தது. மும்மொழியிலும் அச்சடித்து, முதியோருக்கு நட்பான நகரத்தை உருவாக்குவது பற்றி எங்கள் ஆலோசனை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாழ்நாளில் பெரும்பகுதி அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தமிழ் பரவாயில்லை. நகரம் என்னோடு நட்பாக இருக்க விரும்புகிறது என்பதும் சந்தோஷமான செய்திதான். அதுவரைக்கும் நாங்கள் முகப் பழக்கம் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டம் சனசமூக நிலையத்தின் மேல்மாடியில். லிப்ட் இல்லை. முழங்கால்களின் நலம் பற்றிய கூட்டத்துக்கு முழங்கால்களை வைத்தே நுழைவுப் பரீட்சை நடத்தினார்கள். தேறியவர்கள் மேலே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நகரத்திடம் இருந்து எந்த உதவியும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் நாங்கள் கீழே, வாகனம் நிறுத்தும் கொட்டகையில், தூணில் சாய்ந்துகொண்டு நின்றோம். பராராஜசிங்கம் அண்ணை படியைப் பார்த்துவிட்டு, "மேல சரியான புழுக்கமா இருக்கும், இஞ்ச காத்து" என்றார்.

சபையில் இருந்து வந்திருந்தவள் நிலுஷி என்ற சிங்களப் பிள்ளை, பொறியியலாளர். மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். எங்களைக் கண்டாள். பிறகு அந்தக் கூட்டத்தையே கீழே இறக்கினாள். கதிரைகள் இறங்கின, மேசை இறங்கியது, மேலே வசதியாக உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். மகன், நான் நன்றி சொல்ல வேண்டிய முதலாவது காரியம் இதுதான். ஓர் அரசாங்கக் கூட்டம் தன் பிழையைக் கண்டு, குறிப்பாணை எதுவும் இல்லாமல், அந்த இடத்திலேயே படியிறங்கி வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவளுடைய தமிழ் கொஞ்சம், எங்களில் பலருடைய சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்கு. எனவே மொழிபெயர்க்க என்னைப் பிடித்து மேசைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அவள் எங்கள் வட்டாரத்தின் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தாள். "கொஹெத அம்மே வெட்டுனே?" என்று கேட்டாள். நான் கூடியிருந்தவர்களுக்குச் சொன்னேன்: "எங்கே விழுந்தீர்கள் என்று கேட்கிறா. விழுந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமாம்."

ரயில் போகும் சத்தம் கேட்டது.

"எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மிஸ்" என்றார் பராராஜசிங்கம் அண்ணை. "ரோட்டெல்லாம் நல்லம். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஏதும் செய்யுங்கோ, பாவங்கள்." வேறொருவர் கோயில் வாசலுக்கு வெளிச்சம் கேட்டார். இன்னொருவர் நுளம்புக்கடியைப் பற்றிப் பேசினார். ஓர் அம்மா, தனக்கு ஒன்றும் இல்லை, கிருலப்பனையில் இருக்கும் தங்கச்சிக்குத்தான் நடக்க ஏலாது என்றாள். நம் ஆட்கள் தங்களுக்கென்று ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்டால் வயது போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும். வயது போய்விட்டது என்றால் பின்னேரம் வெளிநாட்டுப் பிள்ளையிடமிருந்து தொலைபேசி அடிக்கும்.

நிலுஷி என்னைப் பார்த்தாள். "இங்கே யாரும் விழுவதில்லையாம்" என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். அரசாங்கத்துக்காக நான் எத்தனையோ பொய்களை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் என் சொந்தப் பொய்யை மொழிபெயர்த்தது அன்றுதான். முழங்கால் எரிந்தது.

அவள் கோபப்படவில்லை. களைத்துப்போனவள்போல வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினாள். "அப்படியென்றால் சந்தோஷம், அம்மா" என்றாள். "யாரும் விழாத இடத்தைத் திருத்த என்னால் அனுமதி எடுக்க முடியாது. விழுகிற இடம் எது என்று சொல்லும் வட்டாரத்துக்கு வேலை போகும்." அதையும் மொழிபெயர்த்தேன். வரைபடம் பாதிக்கு மேல் சுருண்டுவிட்டது.

அப்போது பரீதா எழும்பினாள். "கொஞ்சம் நில்லுங்க மகள்" என்று நிலுஷியின் கையைப் பிடித்து வரைபடத்தை மறுபடி விரித்தாள். எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "நான் விழல்ல. அத நல்லாக் கேட்டுக்கோங்க, எல்லாரும். நான் விழவே இல்ல. ஆனா, விழுந்திருந்தா, இந்தா, இங்கதான் விழுந்தீப்பன்." விரலை வைத்தாள். பார்மசிக்கு முன்னால். கான் மூடி.

நான் விழுந்த அதே மூடி.

புள்ளி வைக்க நிலுஷியிடம் சிவப்புப் பேனை இருந்தது. அது எழுத மறுத்தது. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கைப்பையைத் திறந்து ஒட்டுப்பொட்டு அட்டையை நீட்டினாள். பரீதா ஒரு பொட்டை உரித்து வரைபடத்தில் ஒட்டிவிட்டு, "எங்கட கையால பொட்டு வெச்சது இதுதான் முதல் தடவ. அல்லாஹ் மன்னிப்பான்" என்றாள். கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்போடு எல்லாம் அவிழ்ந்தது.

"நானும் விழேல்லை" என்றார் பராராஜசிங்கம் அண்ணை, எழும்பி வந்து. "ஆனா கோட்பாட்டளவில பார்த்தா, இந்த இடம் ஆபத்து." அவரும் அதே மூடியில் ஒரு பொட்டு ஒட்டினார். முழுக்கைச் சட்டை மேலே ஏறியது. முழங்கைக் காயம் கோட்பாட்டளவில் நன்றாகவே ஆறிக்கொண்டிருந்தது. "அண்ணை, விழாத ஆளுக்கு ஏன் பிளாஸ்டர்?" என்று யாரோ கேட்டார்கள். "முன்னெச்சரிக்கை" என்றார். கிருலப்பனைத் தங்கச்சிக்காகப் பேசிய அம்மா, தன் தங்கச்சி வெள்ளவத்தைக்கு வந்தால் விழக்கூடிய இடங்கள் என்று வரிசையாக ஒட்டினாள். வரைபடத்தில் பொட்டுகள் பெருகின. வீதியைக் கடக்கும் கடவை முனையில் ஒரு கூட்டம், கடற்கரைப் பக்கம் ஒழுங்கை சரியும் இடத்தில் ஒரு கூட்டம், கான் மூடியில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்ட இடமில்லாமல்.

கடைசியாக நான் ஒட்டினேன். ஒட்டும்போது நிலுஷிக்கு மட்டும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னேன்: "நான் உண்மையாகவே விழுந்தேன், மகளே." அவள் தலையாட்டினாள். "தெரியும் அம்மா. நீங்கள் கதிரையில் உட்காரும்போதே பார்த்தேன்."

நாங்கள் ஒவ்வொருவரும் அதே மூடியில், தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல் விழுந்திருந்தோம். ஒவ்வொருவரும் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு, இனி எனக்கு இயலாது, என் காலம் முடிந்துவிட்டது என்று தனியே அழுதிருந்தோம். எங்களுடைய முழங்கால்கள் பாவம். பிழை மூடியில் இருந்தது.

அதற்குப் பிறகு நிலுஷி செய்ததை உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் வந்து, எங்களோடு சந்தைவரை நடந்தாள். முன்னால் போகவில்லை, பின்னால், எங்கள் வேகத்தில். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே வந்தாள். பராராஜசிங்கம் அண்ணை வழக்கம்போல ஒரு மதிலுக்குப் பக்கத்தில் நின்று, அதில் ஒட்டியிருந்த உயர்தர இரசாயனவியல் டியூசன் விளம்பரத்தைக் கவனமாக வாசித்தார். அவர் அதைத் தினமும் வாசிப்பவர். இரசாயனத்தில் அவருக்கு இந்த வயதில் வந்த ஆர்வத்தைப் பற்றி நாங்கள் பகிடி பண்ணுவோம். நிலுஷி சிரிக்கவில்லை. அந்த மதிலடியில் ஓர் அடையாளம் போட்டாள். "இவருக்கு மூச்சு வாங்கும் இடம் இது. இங்கே உட்கார ஒரு வாங்கு வேண்டும்" என்றாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உன் அப்பா கடைசிக் காலத்தில் காலி வீதிச் சீலைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாரே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு நாளும், அதே கடை. நாம் இருவரும் எத்தனை தரம் சிரித்திருப்போம். "ஆருக்கப்பா சீலை பார்க்கிறீங்கள்?" என்று நீ கேட்பாய். அவரும் சிரிப்பார், பதில் சொல்லமாட்டார். பிறகு சந்தைக்குப் போவதை நிறுத்தினார், அதன்பின் கடற்கரைக்கு, அதன்பின் சலூனுக்கு. கேட்டால் வெயில் என்பார். மாரியிலும் வெயில் என்பார். உலகத்தில் அவருக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தோம். வீட்டுக்கும் சலூனுக்கும் நடுவில் உட்கார ஓர் இடம் இருக்கவில்லை, மகன். அவ்வளவுதான் நடந்தது. இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, என்னையும் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் காட்டித் தந்திருக்கவில்லை. இந்தப் பிள்ளை காட்டினாள்.

மாநகர சபை ஒரே நாளில் சொர்க்கத்தை இறக்கியது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் எழுதமாட்டேன். முதலில் வேலை நடைபெறுகிறது என்ற பலகை வந்தது. வேலை வருவதற்கு வெகு முன்பே வந்து, நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் அதைச் சுற்றி வீதியில் இறங்கிப் போனோம். வாங்கு வருகிறது என்றதும் நம் தொடர்மாடிச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. வாங்கு போட்டால் காதலர்கள் வந்து குடை பிடித்துக்கொண்டு உட்காருவார்கள், குடும்பங்கள் இருக்கிற ஒழுங்கை என்றார்கள். நிலுஷி வாக்குவாதம் செய்யவில்லை. வாங்கின் நடுவில் ஒரு கைப்பிடி வைத்தாள். அது வயதானவர்கள் ஊன்றி எழும்புவதற்கு. சங்கம் அதைப் பார்த்துவிட்டு, காதலர்கள் ஒட்டி உட்கார முடியாது என்று முழு மனதோடு வரவேற்றது. காதலர்கள் இப்போதும் வருகிறார்கள். கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எங்களைக் கண்டால் எழும்பி இடம் தருகிறார்கள். நல்ல பிள்ளைகள்.

முதலில் அந்த வாங்கை மதிலைப் பார்க்கத்தான் பதித்திருந்தார்கள். பராராஜசிங்கம் அண்ணை இரண்டு நாள் அதில் உட்கார்ந்து இரசாயனவியலைப் பார்த்தபின் சபைக்குத் தகவல் போய், வீதியைப் பார்க்கத் திருப்பினார்கள். ஒழுங்கை சரியும் இடத்தில் பிடித்து நடக்க ஒரு கம்பி வந்தது. காலி வீதிக் கடவையில் பச்சை விளக்கு எரியும் நேரத்தைக் கூட்டினார்கள். முன்பு அந்தப் பச்சை மனிதன் தான் மட்டும் தப்பினால் போதும் என்று ஓடுவான். இப்போது அண்ணை நடுவீதியில் நின்று ஒரு பஸ் சாரதிக்கு ஒழுக்கம் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு மறுபக்கம் போய்ச் சேர நேரம் இருக்கிறது. சந்தையில் பூட்டிக் கிடந்த கழிப்பறையைத் திறந்து, சுத்தமாக வைத்திருக்கிறார்கள். அதனால் எத்தனை ஆண்கள் மறுபடி வீட்டுக்கு வெளியே வந்தார்கள் என்பது அவர்கள் வாயால் ஒருநாளும் வராது. பஸ் பெயர்ப்பலகையில் எழுத்து இன்னும் சிறிதுதான். அதற்கும் பொட்டு ஒட்டியிருக்கிறோம். கூட்டம் இப்போது சில மாதத்துக்கு ஒரு முறை நடக்கிறது, கொட்டகையில். மேல்மாடியில் கரம்போர்டு விளையாடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூடியை மாற்றினார்கள். ஒரு காலை நேரம், நாலு பேர் கடப்பாரையோடு வந்து பழையதைப் பெயர்த்து, உடைத்து, லொறியில் போட்டார்கள். நாங்கள் வாங்கில் வரிசையாக இருந்து பார்த்தோம். ஓங்கி விழுந்த ஒவ்வொரு அடிக்கும் பரீதா மெதுவாகத் தலையாட்டினாள். எனக்கு உன் அப்பாவின் கை நினைவுக்கு வந்தது.

இனி உன் விஷயம். வரைபடத்துக்கு முன்னால் நான் பொட்டு ஒட்டுவதை யாரோ படம் எடுத்து, அது நான் விழுந்த கதையோடு மாதக்கணக்கில் எந்தெந்த வீடுகளையோ சுற்றி, கடைசியில் உன்னிடம் வந்தது. நீ அழைத்தாய். நான் கமராவைக் கிட்டப் பிடிக்கவில்லை; தூரத்தில் வைத்துவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, ஏச்சுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஏன் வெளியில் போனீர்கள், ஏன் மறைத்தீர்கள், இதற்குத்தானே சொன்னேன். எல்லாவற்றுக்கும் பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். நீயோ, "எங்கயம்மா விழுந்தனீங்கள்?" என்று கேட்டாய்.

ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைனில் ஒரு குறையும் இல்லை. ஒரு பொறியியல் படிப்பும் இல்லாமல், மாநகர சபையில் ஒரு நாளும் வேலை செய்யாமல், நீ சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாய். அதற்கு உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வழக்கம்போல வழியில் நின்று நின்று வருகிறேன்.

உனக்கும் ஒருநாள் முழங்கால் என்று ஒன்று இருப்பது தெரியவரும். அன்றைக்கு அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதே. கமராவைத் தூரத்தில் வை. உன் ஊர்ச் சபையில் கூட்டம் போட்டால் போ. போய், அடுத்தவருக்காகக் கேட்காமல் உனக்காகக் கேள். வாய் வராவிட்டால், விழுந்திருந்தால் இங்கேதான் விழுந்திருப்பேன் என்று சொல். அதுவும் போதும், அவர்களுக்கு விளங்கும்.

என் முடிவைக் கேட்டால், நான் இங்கேயே இருக்க விரும்புகிறேன். இந்த நகரம் இப்போதுதான் என்னோடு பழகத் தொடங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் மரியாதையாக இராது. பழைய வாக்குக்குப் பதிலாக உன்னிடம் புதிய வாக்கு ஒன்று வைத்திருக்கிறேன். இனி விழுந்தால் உனக்குத்தான் முதலில் சொல்வேன், மாமிமாருக்கு முன்பே. நீ எங்கே என்று கேட்பாய். திருத்தக்கூடிய இடமாக இருந்தால் திருத்துவிப்போம். ஒருநாள், இடத்தில் ஒரு பிழையும் இல்லை, என் காலில்தான் என்று நானே சொல்வேன். அன்றைக்குப் பெட்டியை இழுக்கலாம். சில்லுகள் உருளுகின்றன, பார்த்துவிட்டேன்.

நீ வந்து இறங்கியதும் களைப்பு என்று படுத்துவிடாதே. என்னோடு சந்தைவரை நடந்து வா, என் வேகத்தில். நீ கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்கிறேன்: பார்மசிக்கு முன்னால், ஒழுங்கை முனையில். அங்கே பார்க்க இப்போது ஒன்றும் இல்லை. அதைத்தான் நீ பார்க்க வேண்டும். நிலத்துக்கு அடி போடத் தேவையில்லை. அதை மாநகர சபை போட்டுவிட்டது. அப்படியும் உனக்கு மனம் ஆறாவிட்டால், குனிந்து எனக்காக ஒன்று போடு. பார்மசிப் பெடியன் கேட்டால், செருப்பு வார் கழன்றது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா